பச்சை நிறத்துக்கு வந்த பள்ளிக்கூடம்

நான் எங்கள் பள்ளியின் கணினி வல்லுநர் ஆனதற்கு ஒரே காரணம், ஒருமுறை அலுவலகப் பிரிண்டரில் சிக்கிய தாளை இழுத்து எடுத்ததுதான். அதுவும் முழுதாக வரவில்லை. பாதி என் கையோடு கிழிந்து வந்தது. மீதிப் பாதியைப் பிரிண்டரே துப்பியது. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் உள்ளே வந்தார். "சாருக்கு மெஷின் கை இருக்கு" என்றார். அன்றோடு என் விதி எழுதப்பட்டுவிட்டது.

எங்களுடையது மலேசியாவில், மலாக்கா மாநிலத்து ஜாசின் பக்கம், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் தமிழ்ப்பள்ளி. ஐம்பதுக்கும் குறைவான பிள்ளைகள், எட்டு ஆசிரியர்கள். தோட்டத்தில் இப்போது வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்கள். எங்கள் பிள்ளைகள் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளிலிருந்து வேனில் வந்து இறங்குகிறார்கள். நானும் குருபோங்கிலிருந்து தினமும் கார் ஓட்டிக்கொண்டு போகிறவன்தான். நான்காம் ஆண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன்.

டேப்லட்டுகள் வந்த அன்று பள்ளியே திருவிழாக் கோலம் கொண்டது. ஆசிரியர்களுக்கு எட்டு, பிள்ளைகளுக்குப் பத்து. தலைமையாசிரியர் பெட்டிகளை அலுவலக மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்தார். "போட்டோ எடுத்தாச்சா?" என்று கேட்டார். எடுத்தாயிற்று என்றதும் பதினெட்டையும் தூக்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு டேப்லட்டின் முதுகிலும் அரசாங்கச் சொத்து எண் ஒட்டியிருந்தது. ஒன்று தொலைந்தால் போலீஸ் ரிப்போர்ட், விளக்கக் கடிதம், விசாரணை. தொலையாமல் இருக்க ஒரே வழி யாரும் தொடாமல் இருப்பதுதான் என்று அவர் முடிவு செய்திருந்தார். அந்தக் கணக்கில் தவறே இல்லை.

அந்த வாரக் கூட்டத்தில் வேறொரு சிக்கல் வந்தது. கூட்டக் குறிப்பைத் தமிழில் எழுத வேண்டும், டேப்லட்டுக்குத் தமிழில் என்ன? ஒருவர் கைக்கணினி என்றார். ஒருவர் தட்டைக் கணினி என்றார். இன்னொருவர், எங்கள் துணைத்தலைமையாசிரியர், வில்லைக் கணினி என்று ஒரு சொல்லைக் கண்டுபிடித்து, அதற்கு எதிர்ப்பு வந்ததும் முகம் சிவந்துபோனார். முக்கால் மணி நேரம் ஓடியது. இரண்டாம் ஆண்டுக்குத் தமிழ் எடுக்கும் மூத்த ஆசிரியை அதுவரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ஓய்வுபெற அவருக்கு ஒன்றரை வருடந்தான் இருந்தது. தலையைத் தூக்காமலே, "பேர் வைக்கிறதுக்கு முன்னாடி குழந்தைய ஒரு தடவ வெளிய எடுத்துக் காட்டுங்க சார்" என்றார்.

வெளியே எடுக்கலாம், ஆனால் முதலில் பயிற்சி வேண்டும் என்றார் தலைமையாசிரியர். பயிற்சிக்கு மெஷின் கை இருந்தவனை அனுப்பினார்கள்.

மலாக்கா நகரத்தில் ஒரு ஓட்டலில் மூன்று நாள் வகுப்பு. பல பள்ளிகளிலிருந்து நாற்பது பேர் வந்திருந்தோம். குளிர்சாதனம் எலும்பைத் துளைத்தது. முதல் நாள் முழுக்கக் கடவுச்சொல்லிலேயே போய்விட்டது. கடவுச்சொல்லில் பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று இருக்க வேண்டும் என்றார் பயிற்றுநர். இளம்பிள்ளை, பொறுமைசாலி. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் தவறாக அடித்தோம். நாற்பது பேரையும் பாட இணையத்தளம் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. பயிற்றுநர் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்து, "நாளைக்குத்தான் திறக்குமாம். தே தாரேக் குடிக்கலாம்" என்றார்.

இரண்டாம் நாள் கதவு திறந்தது, இணைய லைன் படுத்துக்கொண்டது. அதனால் எங்களைக் குழுக்களாகப் பிரித்து, பெரிய மாஜோங் தாளும் மார்க்கர் பேனாவும் கொடுத்து, 'வகுப்பறையில் டேப்லட்டின் நன்மைகள்' என்று மனவரைபடம் வரையச் சொன்னார்கள். நாங்கள் தரையில் உட்கார்ந்து வரைந்தோம். நடுவில் டேப்லட் படம், சுற்றிலும் அம்புக்குறிகள். 'தாள் பயன்பாடு குறையும்' என்பதை எங்கள் குழு சிவப்பு மார்க்கரில் எழுதியிருந்தது. இடம் போதாமல் இன்னொரு தாள் கேட்டு வாங்கினோம்.

மூன்றாம் நாள் சான்றிதழும் குழுப்படமும். திரும்பி வரும்போது எனக்கு டேப்லட்டைத் திறக்கத் தெரியும், வெளிச்சத்தைக் குறைக்கத் தெரியும், படம் எடுக்கத் தெரியும். எங்கள் பள்ளியின் பயிற்றுநர் என்று ஒரு நியமனக் கடிதமும் கையில் இருந்தது.

மறுவாரம் பள்ளி முடிந்தபின் என் சக ஆசிரியர்களுக்கு நான் வகுப்பெடுத்தேன். அலமாரி முதல்முறையாகத் திறந்தது. ஓட்டலில் கேட்டதை அப்படியே ஒப்பித்தேன். படைப்பாற்றல், கூட்டுக் கற்றல், உயர்நிலைச் சிந்தனை. துணைத்தலைமையாசிரியர் தன் டேப்லட்டில் தன் முகத்தையே படமெடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூத்த ஆசிரியை மட்டும் கையைத் தூக்கினார்.

"சார், இதுல பேசினா பிடிச்சு வெச்சுக்குமா?"

"பிடிச்சுக்கும் டீச்சர். ஒலிப்பதிவுன்னு ஒண்ணு அதுலயே இருக்கு."

"திரும்பப் போட்டா கேக்குமா?"

"கேக்கும்."

"அதுக்கு லைன் வேணுமா?"

"அதுக்கு வேணாம் டீச்சர்."

"அது போதும் எனக்கு" என்று எழுந்தார். ஆசிரியர் டேப்லட் ஒன்றை எடுத்து, ஒரு பூத்துவாலையில் சுற்றி, நோட்டுகள் வைக்கும் பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்தார். தலைமையாசிரியர் பதறிக்கொண்டு பதிவேட்டை நீட்டினார். ஆசிரியை கையெழுத்துப் போட்டார். திருப்பி வைக்கும் தேதி என்ற கட்டத்தில் 'ஓய்வு பெறும் நாள்' என்று எழுதினார்.

இதெல்லாம் இப்படியே ஓடியிருக்கும். ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு அட்டவணை வந்தது. மாதந்தோறும் எந்தப் பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள் டேப்லட் வழியாக அந்தப் பாடத் தளத்துக்குள் நுழைந்தார்கள் என்று அது காட்டும். நன்றாகப் பயன்படுத்தும் பள்ளி பச்சை, சுமாரானது மஞ்சள், மோசமானது சிவப்பு. அட்டவணை தலைமையாசிரியர்களின் புலனக் குழுவில், நாங்கள் புலனம் என்று சொல்லும் வாட்ஸப்பில், எல்லார் கண்ணுக்கும் முன்னால் விழுந்தது. எங்கள் பள்ளி சிவப்பு. ரத்தச் சிவப்பு.

தலைமையாசிரியர் அன்று காண்டீனில் மீ கோரெங்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். முப்பது வருட வேலையில் தன்னை யாரும் சிவப்பு என்று சொன்னதில்லை என்று என்னிடம் சொன்னார். "என்னமாச்சும் பண்ணுங்க சார். நீங்கதான் பயிற்றுநர்."

பள்ளிக்குள் லைன் கிடையாது. சன்னல் ஓரம், கழிவறைக் கூரை, கொடிக்கம்பத்தடி, எல்லாம் பார்த்துவிட்டேன். டேப்லட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு திடலைத் தாண்டி நடந்தேன். செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றும் மேடு ஒன்று அங்கே உண்டு. அதில் ஒரு வங்காளதேசத்து இளைஞர் உட்கார்ந்து கைபேசியில் தன் ஊரோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் அங்குமிங்கும் அலைவதைப் பார்த்துவிட்டு மலாயில், "சினி, சிக்கு. சினி குவாட்" என்றார். இங்கே வாங்க வாத்தியாரே, இங்கேதான் பலமாக இருக்கு. தான் உட்கார்ந்திருந்த இடத்தை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார். தோட்டத்தில் லைன் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்கு எப்போதோ தெரியும். எங்களுக்குத்தான் மூன்று நாள் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

மறுநாளிலிருந்து காலைக் கூட்டம் முடிந்ததும் ஆசிரியர்கள் எல்லாரும் டேப்லட்டோடு மேட்டுக்குப் போவோம். பழுத்த குலைகளுக்கு நடுவே, ஈ மொய்க்க, வரிசையாக நின்று உள்ளே நுழைவோம். பாடம் ஒன்றைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை தள்ளிவிட்டு, மூடுவோம். ஐந்து நிமிடம். பிறகு அலமாரி, பூட்டு, சாவி, இடுப்பு. மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு போனோம். மூத்த ஆசிரியை மட்டும் வரவில்லை. "எனக்கு முட்டி வலி சார். மேடு ஏற முடியாது" என்றார். அதே முட்டியோடு அவர் தைப்பூசத்துக்கு மலையேறுகிறவர் என்பது எங்களுக்குத் தெரியும்.

அந்த மாத அட்டவணையில் நாங்கள் மஞ்சள். அடுத்த மாதம் பச்சை. தலைமையாசிரியர் எல்லாருக்கும் கறிபாப் வாங்கிக் கொடுத்தார். அந்த மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. சின்னத் தோட்டப்பள்ளி ஒன்று இவ்வளவு குறுகிய காலத்தில் பச்சைக்கு வந்தது எப்படி என்று நேரில் கண்டு கற்றுக்கொள்ள, மேலிடத்து அதிகாரி ஒருவரும் மற்றப் பள்ளிகளின் ஆசிரியர்களும் வருகிறார்கள் என்று கடிதம் வந்தது.

நான்காம் ஆண்டுக் கணித வகுப்பை மாதிரி வகுப்பாக நடத்திக் காட்டச் சொன்னார்கள். அதாவது நான்.

"லைன் இல்லாம எப்படி சார் நடத்துறது?" என்றேன்.

தலைமையாசிரியர் ஓரிரவு முழுக்க யோசித்துவிட்டு வந்தார். "மேட்டுலயே நடத்துங்க. திறந்தவெளிக் கற்றல்னு போட்டுடலாம்."

அப்படியே பதாகையும் அடித்தார்கள்.

அதிகாரி மலாய்க்கார அம்மா. வெளிர் நீல பாஜு கூரோங் உடை, வெள்ளைச் சப்பாத்து. அவருக்குப் பின்னால் பதினைந்து ஆசிரியர்கள். மேட்டில் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்காரவைத்திருந்தோம். நான் பின்னங்களை ஒப்பிடுவது பற்றிய பாடத்தைத் திறந்தேன். திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. பத்து டேப்லட்டிலும் அதே வட்டம். ஏழு பேர் நின்று தட்டினால் தாங்கிய மேடு, இத்தனை பேரைத் தாங்கவில்லை. நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "கற்பனை செய்யுங்கள்" என்றேன்.

அந்த வங்காளதேசத்து இளைஞருக்கு என் நிலைமை பொறுக்கவில்லை. குலை பொறுக்குவதை விட்டுவிட்டு வந்து, "சிக்கு, சினி, சினி" என்று என் தோளைப் பிடித்து இரண்டடி நகர்த்தினார். அதிகாரி சிரித்தார். இந்த இடம் உனக்கு எப்படித் தெரியும் என்று அவரிடம் கேட்டார். இளைஞர் பெருமையோடு மலாயில் பதில் சொன்னார். வாத்தியார்கள் எல்லாரும் ஒவ்வொரு நாளும் இங்கே வருவார்கள், ஐந்து நிமிடம் நிற்பார்கள், போய்விடுவார்கள்.

பதினைந்து ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் மரங்களைப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் முகத்தில் ரத்தமில்லை. நல்லவேளையாக, அப்போது குலை ஏற்றும் லோரி வந்து ஹாரன் அடித்தது. இடம் விட்டாக வேண்டும். பாய்களைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் பள்ளியை நோக்கி நடந்தோம். வழியில் அதிகாரி என் பக்கத்தில் வந்து, சப்பாத்தில் ஒட்டிய சேற்றைப் புல்லில் தேய்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "வேறொரு பள்ளியில் ஆசிரியர்கள் பாலத்தின் மேல் நிற்கிறார்கள்."

இரண்டாம் ஆண்டு வகுப்பு நிகழ்ச்சி நிரலில் இல்லை. ஆனால் சாப்பாட்டு மேசைக்குப் போக அந்த வகுப்பைக் கடந்துதான் ஆக வேண்டும். உள்ளே மூத்த ஆசிரியை நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி டேப்லட்டைத் தொலைபேசி போலக் காதில் வைத்துத் தான் வாசித்ததைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் வாழைப்பழம்னு சொல்லல டீச்சர். வாளப்பளம்னு சொல்லியிருக்கேன்."

"யாரு சொன்னா அப்படி?"

"நானே கேட்டேன்."

"அப்ப நீயே திருத்து."

அவள் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பவும் வாசித்தாள். அடுத்த பிள்ளைக்கு டேப்லட் கைமாறியது. அதிகாரி வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ன நடக்கிறது என்று புரிந்திருந்தது. எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். "வாங்குன மறுநாள்லேர்ந்து" என்று ஆசிரியை மலாயில் சொன்னார். அதிகாரி தன் கையிலிருந்த பட்டியலில் ஆசிரியையின் பயன்பாட்டைத் தேடினார். பூஜ்யம். இன்னொருமுறை தேடினார். பூஜ்யம்தான்.

"நல்லா இருக்கு டீச்சர். ஆனா இது சிஸ்டத்துல ஏறாதே" என்றார் மலாயில். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

மூன்று வாரம் கழித்து எங்கள் பள்ளிக்குச் சட்டம் போட்ட பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அதே உறையில் இன்னொரு கடிதம். டேப்லட்டை ஒருமுறைகூடப் பயன்படுத்தாத ஆசிரியை காரணம் காட்ட வேண்டும்.

ஆசிரியை அந்தக் கடிதத்தை எனக்குப் படித்துக்காட்டினார். கோபப்படவில்லை. கையாலேயே நான்கு வரி பதில் எழுதினார். தினமும் பயன்படுத்துகிறேன். என் வகுப்பில் லைன் இல்லாததால் அது உங்கள் கண்ணில் படவில்லை. லைன் கொடுத்தால் பார்க்கலாம். நன்றி. தலைமையாசிரியர் அதை வாங்கிப் படித்து, ஒரு கோப்புக்குள் வைத்துவிட்டார். அப்புறம் கெஞ்சினார். "ஒரே ஒரு தடவ மேட்டுக்கு வாங்க டீச்சர். பென்ஷன் நேரத்துல எதுக்கு இந்த கச்சாவ் தொல்லையெல்லாம்?"

கடைசியில் ஆசிரியை டேப்லட்டைத் துவாலையோடு என்னிடம் கொடுத்தார். "நீங்க போறப்ப எனக்கும் சேத்து ஒரு தட்டு தட்டிட்டு வாங்க சார். சீக்கிரம் வந்துடணும், பிள்ளைங்க காத்திருக்கும்."

அப்படித்தான் அவரும் பச்சையானார். தினமும் காலையில் நான் இரண்டு டேப்லட்டோடு மேட்டில் நிற்பேன். ஒருநாள் லைன் வர நேரமானது. சும்மா நிற்பதற்குப் பதிலாக அவருடைய ஒலிப்பதிவுகளில் ஒன்றைத் திறந்தேன். ஒரு பையன் முயலும் ஆமையும் வாசித்துக்கொண்டிருந்தான். அவன் குரலுக்குப் பின்னால் வேறொரு குரல் கேட்டது. ஆணின் குரல். "எத்தன தடவ சொல்றது? தெரியாதா? மண்டைல என்ன இருக்கு?" யார் இந்த ஆள், பிள்ளைகளிடம் இப்படிப் பேசுகிறான் என்று நினைத்தேன். அப்புறந்தான் உறைத்தது. இரண்டாம் ஆண்டுக்கும் நான்காம் ஆண்டுக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்பு.

அடுத்த பதிவைத் திறந்தேன். அதிலும் நான். அதற்கு அடுத்ததில் ஒரு சிறுமி என் குரல் வந்ததும் வாசிப்பதை நிறுத்தி, அது அடங்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். பழகிய ஒன்றுக்குக் காத்திருப்பது போல. அன்று நான் உள்ளே நுழைய மறந்துவிட்டேன். இரண்டு டேப்லட்டும் அன்றைக்குச் சிவப்பு.

டேப்லட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"டீச்சர், என் சத்தம் இவ்வளவு கேக்குமா இங்க?"

அவர் துவாலையை மடித்துக்கொண்டே, "கேட்டுட்டீங்களா?" என்றார். "சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு வருஷமா இருந்தேன் சார். நான் சொல்லியிருந்தா நீங்க கோவிச்சிருப்பீங்க."

கோபித்திருப்பேன். அது எனக்கும் தெரியும்.

மறுநாள் என் டேப்லட்டை என் மேசையிலேயே வைத்து, பதிவை ஓடவிட்டுப் பாடம் நடத்தினேன். பதிவு ஓடுகிறது என்று தெரிந்ததால் அன்று நான் கனிவின் உருவம். பிள்ளைகள் பயந்துபோனார்கள். ஒருத்தி, "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று பக்கத்தில் கேட்டதும் பதிவாகியிருந்தது. நாலைந்து நாளில் டேப்லட் அங்கே இருப்பதே மறந்துபோனது. அதற்கப்புறம் வந்த பதிவுதான் உண்மையானது. அதைக் குருபோங் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கார் நிறுத்தும் இடத்திலேயே உட்கார்ந்து கேட்டேன்.

மூன்றில் இரண்டு பெரிதா, நான்கில் மூன்று பெரிதா என்று கேட்டிருக்கிறேன். கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி, "நாலுல மூணு சார், ஏன்னா ஒரு துண்டு..." என்று ஆரம்பித்திருக்கிறாள். "துண்டு கிண்டு எல்லாம் வேணாம். பகுதி எண்ணச் சமமாக்கு" என்று நான் வெட்டியிருக்கிறேன். அவளிடமிருந்து அப்புறம் சத்தமே இல்லை.

இப்போதும் நான் காலையில் மேட்டுக்குப் போகிறேன். பள்ளி இன்னும் பச்சைதான். அதை நிறுத்தும் தைரியம் எனக்கு வரவில்லை, தலைமையாசிரியருக்கும் வரவில்லை. அந்த இளைஞர் இப்போது எங்களுக்காக ஒரு பலகையைக் கழுவிப் போட்டு வைத்திருக்கிறார். ஆனால் அந்தப் பதிவைக் கேட்ட மறுநாள் நான் அந்தச் சிறுமியைக் கூப்பிட்டு, நேற்று என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன். என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"ரொட்டி சானாய மூணா வெட்டி ரெண்டு எடுத்தா ஒரு துண்டு மிச்சம் சார். நாலா வெட்டி மூணு எடுத்தாலும் ஒரு துண்டுதான் மிச்சம். ஆனா நாலா வெட்டுனா துண்டு சின்னது. மிச்சம் சின்னதுன்னா நம்ம கையில இருக்கிறது பெருசுதானே?"

கணிதம் எடுக்கத் தொடங்கி இருபத்திரண்டு வருடமாகிறது. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. "இன்னொரு தடவ சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்" என்றேன். அவள் எழுந்து நின்று சொன்னாள். இந்தமுறை சர்டின் மீன் வைத்த ரொட்டி.